காய்ச்சல் போயிடுச்சு சரி... குடலைப் பார்த்தாச்சா?

ரத்தத்தில் பாக்டீரியா தொற்று. சில வாரங்கள் ஆன்டிபயாட்டிக் ஊசி. காய்ச்சல் இறங்கியதும் டிஸ்சார்ஜ். 'அப்பாடா, முடிஞ்சுது' என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால், சில கிருமிகள் விஷயத்தில் கதை அங்கே முடிவதில்லை.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. இதில் பெருங்குடல் புற்றுநோயோடு அதிகத் தொடர்புள்ள வகையை இப்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலைட்டிகஸ் என்கிறார்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் சிலரின் குடலிலும் இது சும்மா இருக்கும். ரத்தத்துக்குள் போனால்தான் பிரச்னை. இதய வால்வில் ஒட்டிக்கொண்டு உயிருக்கே உலை வைக்கும்.

குடலில் இருக்க வேண்டியது ரத்தத்துக்கு எப்படிப் போனது? கட்டியோ, பாலிப் எனப்படும் சதை வளர்ச்சியோ குடலின் உட்சுவரைச் சேதப்படுத்தியிருந்தால், அதுவே கிருமிக்கு வாசலாகிவிடும். இதய வால்வுத் தொற்றையும் குடல் புற்றுநோயையும் இணைத்து 1951-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். 1977-ல் வெளியான ஆய்வு அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தியது. க்ளாஸ்ட்ரிடியம் செப்டிகம் என்ற கிருமிக்கும் இதே போன்ற தொடர்பு உண்டு. அதனால்தான் இவை ரத்தத்தில் தென்பட்டால் கொலோனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள்.

உடனே பதற வேண்டாம். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இந்தக் கிருமி இருந்தாலே புற்றுநோய் என்றும் இல்லை. பாலிப் மட்டும் இருந்தால், பெரும்பாலும் பரிசோதனையின்போதே அகற்றிவிடலாம். புற்றுநோயாக மாறும் முன்பே தப்பிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது.

சிக்கல் எங்கே என்றால், இதயத்தை ஒரு டாக்டர் பார்க்கிறார், குடல் இன்னொரு துறை. நடுவில் இந்த டெஸ்ட் விட்டுப்போகலாம். கிருமியின் முழுப் பெயரும், அடுத்து செய்ய வேண்டிய பரிசோதனையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நோயாளி தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை.

அதுவரை நாம்தான் கேட்க வேண்டும். அப்பா, அம்மாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாலும் நாம்தானே? பில் கட்டும் அவசரத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், பிளட் கல்ச்சர்ல என்ன கிருமி வந்துச்சு? அது எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தாச்சா?"