ரெண்டு நெட்டு இருந்தா சரிபாதியாப் பிரிக்கணுமா?

மஞ்சள் நோய் பத்தி எழுதறதாச் சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இப்போ வீட்டுல நடந்த ஒரு சமாச்சாரம்.

எங்க வீட்டுல ரெண்டு இன்டர்நெட் இருக்குது. ஒண்ணு கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர், 40 எம்பிபிஎஸ். ரோட்டோரம் பொக்லைன் தோண்டுனா அது அறுந்து போகும். அதுக்காக வாங்குனதுதான் சிம் போடுற டப்பா. அது காலையில 8 எம்பிபிஎஸ் காட்டும்.

பையன் கம்பெனி வேலையை வீட்டுல இருந்தே பார்க்கிறான். காலையில தண்ணி கட்டிட்டு வந்து கம்ப்யூட்டர்ல உட்காருவான். "நெட் இப்படியே இருந்தா கோயமுத்தூர்ல ரூம் எடுத்துத்தான் ஆகணும்ப்பா"ன்னு ஒருநாள் சொன்னான். எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிருச்சு.

சரின்னு ரெண்டு லைனையும் சொருகுற ரவுட்டர் ஒண்ணு வாங்கினோம். மாட்ட வந்த தம்பி, "ரெண்டும் சேர்ந்து 48 வருமுங்ணா"ன்னு சொல்லிட்டுப் போனாப்ல. ஆனா முன்ன இருந்ததை விட மோசம். மீட்டிங்ல பேச்சு விட்டுவிட்டு வந்துச்சு. நான் பேங்க் பக்கத்தைத் திறந்தா பாதியில வெளிய தள்ளிருச்சு.

பையன் ரவுட்டரை நோண்டிப் பார்த்துத்தான் விஷயம் புரிஞ்சுது. இந்தப் பெட்டி ஒரு வேலையை ரெண்டாக் கிழிச்சு ரெண்டு லைன்லயும் அனுப்பாது. ஒவ்வொரு வேலையையும் ஏதோ ஒரு லைன்ல ஏத்தி விடும், அவ்வளவுதான். அதனால ஒரே ஃபைலை இறக்குனா 48 வராது. அதோட, அந்தத் தம்பி ரெண்டு லைனுக்கும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சரிபாதி வச்சிருந்தாப்ல. வீட்டு வேலையில பாதி சின்ன லைன்ல போய் நெருக்கிட்டு நின்னுச்சு. பெரிய லைன் பாதி சும்மா கிடந்துச்சு.

நான் படிச்சது பத்தாவதுதான். ஆனா இது நமக்குத் தெரிஞ்ச கணக்குங்க. கிணத்து மோட்டார்ல பைப்பு ரொம்பித் தண்ணி வருது, போர்ல விரல் தண்டிக்குத்தான் வருதுன்னா, ஆறு ஏக்கராவை மூணு மூணாவா பிரிச்சுப் பாய்ச்சுவோம்? சமம்ங்கிறது வேற, நியாயம்ங்கிறது வேற. தாங்குற அளவுக்குத்தான் பாரம் ஏத்தணும்.

அதையும் அட்டையில போட்டிருக்கிற வேகத்தை வச்சு முடிவு பண்ணக்கூடாது. சிம் லைன் ராத்திரி எட்டு மணிக்கு 3-க்கு இறங்கிடுது. ஊரே செல்லைப் பார்க்கிற நேரம். நாலஞ்சு நாள் நேரத்துக்கு நேரம் அளந்து பார்த்தோம். காலைக் கணக்குக்கு 5-க்கு 1 வரும். நெருக்கடி நேரத்தையும் சேர்த்துப் பார்த்து 10-க்கு 1-ன்னு வச்சான். மீட்டிங்கும் பேங்க்கும் ஃபைபர்லயே போகட்டும்னு கட்டி வச்சுட்டான். பேங்க் பக்கம் வெளிய தள்ளுனதுக்குக் காரணம், ஒரே ஆளு ரெண்டு முகவரியில இருந்து மாறி மாறி வந்தா அதுக்குச் சந்தேகம் வருதாம்.

இன்னொண்ணும் மாத்தினான். லைட் எரியுதான்னு மட்டும் ரவுட்டர் பார்த்துட்டு இருந்துச்சு. நம்ம வீட்டு டப்பா வரைக்கும் உசுரு இருந்து, அந்தப் பக்கம் அறுந்திருந்தாலும் லைட் எரியத்தான் செய்யும். இப்போ 8.8.8.8-ங்கிற வெளி முகவரியை அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்குது. பதில் வரலைன்னா அடுத்த லைனுக்கு மாத்திருது.

"சின்ன லைனைச் சும்மா ஸ்பேரா வச்சுக்கலாமே"ன்னான். நான் ஒத்துக்கலை. ஓட்டாம வச்ச மோட்டார் தேவைப்படுற அன்னைக்குப் பார்த்துத்தான் சிக்கிக்கும். ரீசார்ஜ் முடிஞ்சதே தெரியாமக் கிடக்கும். தினமும் அதுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தாத்தான் உசுரோட இருக்குதான்னு தெரியும்.

போன வாரம் மீட்டிங் நடக்கிறப்பவே ஃபைபர் அறுந்துச்சு. கால் ஒருதடவை துண்டாகித் திரும்பச் சேர்ந்துச்சு. நானே எந்திரிச்சுப் போய் டிவியை நிறுத்தினேன். அந்தச் சின்ன லைன்லயே மீட்டிங் முடிஞ்சுது.

கோயமுத்தூர் பேச்சை அவன் அதுக்கப்புறம் எடுக்கலை. நானும் கேட்டுக்கலை.