நிறுத்துவதா, ஆடவிடுவதா?

2012 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணியின் ஜெரமி லின் என்ற இளைஞர், லேக்கர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 38 புள்ளிகள் எடுத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வேறு இரண்டு அணிகள் அவரை வேண்டாமென அனுப்பியிருந்தன! அவற்றுள் ஒன்றான ஹூஸ்டன் அணியே, ஜூலையில் மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டாலர் தருவதாக அவரை அழைத்தது. அந்தத் தொகையைத் தர நிக்ஸ் மறுத்தது, லின் போய்விட்டார்.

அங்கே பணம் தீர்மானித்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கமோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தீர்மானிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அணிக்கு வெற்றி தேடித் தந்தவள் அடுத்த ஜூனில் களத்தில் இல்லை. "ஆடியது போதும்" என்கிறார்கள் வீட்டில். பயிற்சியாளரிடமோ அணித் தோழியரிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. படிப்பு முக்கியந்தான், மறுப்பாரில்லை. ஆயினும் மாலையில் ஒரு மணி நேரம் ஆடினால் மதிப்பெண் குறையும் என்பதை நான் ஏற்கவில்லை. (கைப்பேசிக்கு அந்த ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கிறதே!)

சென்னையின் அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியானார். தெற்கு ரயில்வேயில் அவருக்கு வேலை கிடைத்ததும் இந்தப் பந்தினால்தான். தாயான பின்பும் களத்துக்குத் திரும்பி, 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவை வென்ற அணியில் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பெற்றோரே, வரும் ஜூனில் மகளை நிறுத்துமுன் ஒரு நாள் மாலை மைதானத்துக்கு வந்து அவள் ஆடுவதைப் பாருங்கள்.