கண் டாக்டர் என்றால் எல்லோரும் ஒன்றா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தப்பிப் பிழைத்த சிலருக்குப் பார்வை போனது. சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி பார்வை நரம்பைத் தாக்கும். கண்புரைக்கு லென்ஸ் வைப்பதுபோல இதை ஆபரேஷனில் சரிசெய்ய முடியாது.

எம்.பி.பி.எஸ். முடித்து 3 ஆண்டு எம்.எஸ். படித்தால் கண் அறுவை சிகிச்சை நிபுணர். அதற்குமேல் விழித்திரை, கருவிழி, கண் நரம்பியல் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு.

இலவச கண் முகாம்கள் பெரும்பாலும் புரையைத்தான் தேடுகின்றன. அது தேவைதான், ஆனால் போதாது. கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருபவரிடம் "சென்னைக்குப் போங்க" என்று சொல்லும் நிலை கூடாது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியிலேயே கண் நரம்பியல் பயிற்சி பெற்ற ஒருவர் எப்போதும் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும்.