தளர்நடைக் குழந்தைக்குத் தக்க பாதரட்சை

காஞ்சிக்கு வடமேற்கே, பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எடுப்பித்த கற்றளியாலும், ராமானுஜரின் பிரதான சிஷ்யராகிய கூரத்தாழ்வான் அவதரித்த ஸ்தலம் என்ற பெருமையாலும் கீர்த்தி பெற்ற கூரம் கிராமத்திலும், அதைச் சூழ்ந்து தறிச் சத்தம் ஓயாத ஊர்களிலும், தீபாவளிக்கோ ஆண்டு நிறைவுக்கோ குழந்தைக்குச் செருப்பு வாங்கப் புறப்படும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே வழக்கத்தை அனுசரிக்கிறார்கள். நடக்கத் தொடங்கியிருக்கும் குழந்தையை வெயிலில் தூக்கிச் செல்வானேன் என்று பாட்டியிடம் விட்டுவிட்டு, "ஒண்ணரை வயசுப் பிள்ளைக்குங்க, வளர்ற கால், ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி, அவர் எடுத்து நீட்டும் பளபளப்பான ஜோடியை வாங்கி வந்துவிடுகிறார்கள். சிக்கனமும் வாத்சல்யமும் சேர்ந்து பிறப்பித்த இந்த வழக்கம் ஏழைக் குடும்பங்களுக்கு லாபம் தருவதுபோல் தோன்றினும், உண்மையில் பணத்துக்கும் குழந்தையின் பாதத்துக்கும் ஒருங்கே நஷ்டம் விளைவிப்பது என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

நஷ்டம் எப்படி என்று கேட்கலாம். பெரிய செருப்பு ஒரு வருஷமாவது உழைக்கும் என்பதுதானே கணக்கு? ஆனால் அளவுக்கு மீறிய செருப்பில் குதிகால் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் வழுக்குவதால், குழந்தை அதைக் கழன்று போகாமல் பிடித்துக்கொள்ளும் பொருட்டு விரல்களை மடக்கி நடக்கிறது. காலைத் தூக்கி வைக்கும்போது செருப்பின் முன்நுனி தரையில் இடறுகிறது. இரண்டொரு முறை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிறகு, செருப்பைக் கண்டாலே காலை இழுத்துக்கொண்டு அழுகிறது. இத்தனைக்கும் தப்பி அந்தச் செருப்பு காலிலேயே இருந்தாலும், இழுத்து இழுத்து நடந்ததில் அதன் அடிப்பாகம் ஒருபக்கமாகத் தேய்ந்து, பாதம் செருப்பின் அளவை எட்டும் காலத்தில் செருப்பு பாதத்துக்கு உதவாத நிலையை அடைந்துவிடுகிறது. சேமித்ததாக எண்ணிய பணம் எங்கே போயிற்று என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

குழந்தையின் பாதம் பெரியவர்களின் பாதத்தைச் சுருக்கிச் செய்த பிரதியன்று. நடக்கத் தொடங்கும் பிராயத்தில் அதன் பெரும்பகுதி இன்னும் எலும்பாகக் கெட்டிப்படாத மிருதுவான குருத்தெலும்பே. அதன் உள்வளைவு கொழுப்புத் திரளால் மூடப்பட்டிருப்பதால், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுடைய பாதமும் தட்டையாகவே தென்படும். அது வியாதியல்ல. வளர்ச்சியின் வேகமோ வியக்கத்தக்கது: பெண் குழந்தைக்கு ஒரு வயதிலும், ஆண் குழந்தைக்கு ஒன்றரை வயதிலும், பிற்காலத்தில் அடையப்போகும் முழுப் பாதத்தின் நீளத்தில் பாதி வந்துவிடுகிறது. ஒன்று முதல் மூன்று வயது வரையில் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் பாதம் நீள்கிறது என்று கொண்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவிடுகிறது. இவ்வளவு இளகிய பாதம் இறுக்கமான காலணிக்குள் அகப்பட்டால், வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை விரல்களைக் குறுக்கிக்கொண்டு அதற்கு இணங்கிவிடுகிறது. காலணியைக் கழற்றிய பின் தெரியும் சிவந்த தடங்களே அதன் முறையீடு.

அப்படியானால் காலணியே வேண்டாமா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு நம் தேசத்திலேயே, அயலார் பலரும் எடுத்துக்காட்டும்படியான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கர்நாடகத்தைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் இரு எலும்பு மருத்துவர்கள், நான்கு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பரீட்சித்து 1992-ல் வெளியிட்ட முடிவின்படி, காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்குமே தட்டைப்பாதம் காணப்பட்டது. அதிலும் விரல்களை முழுதும் மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அதிகமாகவும், சாண்டலோ சாதாரணச் செருப்போ அணிந்தவர்களிடம் குறைவாகவும், வெறுங்காலினரிடம் மிகக் குறைவாகவும் அது இருந்தது. பெஞ்சமின் ஜோசப் மற்றொரு மருத்துவருடன் சேர்ந்து, வளர்ச்சி முடிந்த 1,846 பேரிடம் நடத்தி 1995-ல் வெளியிட்ட ஆய்வும், பதினாறு வயதுக்குப் பிறகே காலணி அணியத் தொடங்கியவர்களைக் காட்டிலும் சிறுபிராயத்திலேயே அணியத் தொடங்கியவர்களிடம் தட்டைப்பாதம் மிகுதி என்று காட்டிற்று. உள்வளைவு உருவாகும் முக்கியமான பருவம் ஆறு வயதுக்கு முந்தியது என்பதே இவற்றின் சாரம்.

ஆகவே குழித்தறியில் அமர்ந்து வெறுங்காலால் மிதிபலகையை மிதித்து நெய்யும் தகப்பனுக்கு அருகில், சாணம் மெழுகிய தரையிலோ சிமெண்டுத் தரையிலோ தத்தித் தத்தி நடைபழகும் குழந்தைக்கு வீட்டுக்குள் எவ்விதக் காலணியும் அவசியமில்லை. அதன் விரல்கள் தரையைப் பற்றிப் பிடிப்பதும், மணலும் புல்லும் கல்லும் உள்ளங்காலுக்குத் தரும் வெவ்வேறு ஸ்பரிசங்களை உணர்வதும் ஆரோக்கியமான நடைக்குப் பிரதானமான பயிற்சிகள். "பிள்ளைக்கு வாக்கிங் ஷூ போட்டால்தான் சீக்கிரம் நடக்கும்" என்று நகரத்து உறவினர்கள் செய்யும் உபதேசத்துக்குச் சாஸ்திர ஆதாரம் கிடையாது.

ஆனால் இந்த ஆராய்ச்சிகளைக் காட்டி, ஏழைக் குழந்தைகள் வெறுங்காலோடு திரிவதே இயற்கை என்று வசதியுள்ளவர்கள் பேசத் தொடங்கினால் அதை நான் கண்டிக்கிறேன். வாசற்படிக்கு வெளியே அக்கினி நட்சத்திரத்துத் தார்ச்சாலை இருக்கிறது. கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் இருக்கின்றன. மலத்தால் அசுத்தமான ஈரமண்ணில் கொக்கிப்புழு இருக்கிறது, அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலில் தங்கி, ரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கக்கூடியது. இவற்றோடு மற்றொரு விஷயமும் உண்டு. மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கக்கூடாது என்று ஒரு பகுதி ஜனங்கள் தடுக்கப்பட்டிருந்த அநியாயம் இந்நாட்டில் வெகுகாலம் நிலவிற்று; செருப்பைத் தைத்துக் கொடுத்தவர்களே அதை அணிந்து நடக்க முடியாத கொடுமை அது. அந்தத் தடையை அனுபவித்த ஒருவர், தம் பேரக்குழந்தையின் காலில் புதுச் செருப்பை மாட்டித் தெருவில் நடத்திப் பார்க்க ஆசைப்பட்டால், அந்த ஆசையை ஆடம்பரம் என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. காஞ்சியை ஒட்டிய தூப்புலில் பிறந்த வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர், ரங்கநாதனுடைய பாதுகையைப் போற்றி ஆயிரத்தெட்டு சுலோகங்கள் கொண்ட பாதுகா சஹஸ்ரத்தை இயற்றினார். பாதுகையைத் தெய்வமாக வணங்கிய சமூகமே மனிதன் காலில் அது இருப்பதைக் குற்றமாகவும் கருதியது என்பது நினைக்க நினைக்க வேதனை தருவது.

வெளியே செல்லும்போது அணிய எத்தகைய காலணி தகுதியானது? அதன் குணங்கள் சிலவே, அவற்றுக்கும் விலைக்கும் நெருங்கிய சம்பந்தம் இல்லை. கையில் எடுத்தால் கனம் தெரியாததாக இருக்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் இரண்டு விரலால் அழுத்தினாலே வளைய வேண்டும். முன்பாகம் கூம்பாக ஒடுங்காமல் விரல்கள் விரிய இடம் தரும்படி அகன்றிருக்க வேண்டும். அடிப்பாகம் தட்டையாகவும் வழுக்காததாகவும், பின்பக்கம் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் வாரோடும் இருக்க வேண்டும். நம் சீதோஷ்ணத்தில் காற்று புகும் சாண்டலே உத்தமம்; செயற்கைத் தோலால் முழுக்க மூடிய ஷூவும் நைலான் காலுறையும் குழந்தையின் காலை வியர்வையில் ஊறவைத்து விரலிடுக்கில் புண்ணை உண்டாக்குபவை. ஒட்டுப்பட்டி வைத்ததாக இருப்பது விசேஷ சௌகரியம், ஏனெனில் காஞ்சிபோல் அடிக்கடி கோயிலுக்குப் போய்வரும் ஊரில், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் அர்ச்சனைத் தட்டுமாக நிற்கும் தாய், முடிச்சை அவிழ்த்துக் கழற்ற வேண்டிய காலணியோடு படும் அவஸ்தை சொல்லி முடியாது. மிதித்தால் கீச்சிடும் செருப்பும், விளக்கு எரியும் ஷூவும் பெரியவர்களின் வேடிக்கைக்காகச் செய்யப்படுபவை; கருவியை உள்ளே பொருத்துவதற்காகவே அவற்றுள் பலவற்றின் அடிப்பாகம் தடித்துக் கனத்து, வளையாமல் விறைத்திருக்கிறது. அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் சாதாரண ரப்பர் சாண்டல் இரண்டு ஜோடி வாங்கலாம். விலையைப் பொறுத்தவரை, ஆயிரம் ரூபாய் வரையிலான காலணிகளுக்கு 12 சதவீதமாக இருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு பில்லில் காணப்படுகிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சீக்கிரமே சிறுத்துப்போன செருப்பை, அடிப்பாகம் கோணலாகத் தேயாதிருந்தால், வாங்கி அணிவிப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது அளவு. அளவை எண்ணால் சொல்லும் முறையே நம்மைக் குழப்புகிறது. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற கணக்கில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். குழந்தைகளுக்குப் பதின்மூன்று வரை எண்ணிய பிறகு, பெரியவர்களுக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ஐரோப்பியக் கணக்கிலோ ஓர் எண்ணுக்கு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரே கடையில் ஒரு பெட்டியில் 5 என்றும் மற்றொன்றில் 21 என்றும் அச்சிட்டிருந்தால், கூரத்துத் தாய் எதை நம்புவாள்? அந்நியர் பாதத்தின் ஆகிருதியை வைத்து வகுக்கப்பட்ட இந்த அளவுகள் நமக்குப் பொருந்தவில்லை என்பதை, 1948-ல் நிறுவப்பட்டு அடையாற்றில் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமே நிரூபித்திருக்கிறது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரையில், தேசத்தின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து பார்த்ததில், இந்தியரின் பாதம் மேல்நாட்டாருடையதைவிட அகலமானது என்று கண்டு, 'பா' என்ற பெயரில் நமக்கே உரிய அளவுமுறை ஒன்றை வகுத்துக் கொடுத்தார்கள். அதன் எட்டுப் பிரிவுகளுள் ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. காலணி செய்யத் தெரியாத நாடா இது? ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தலைமுறை தலைமுறையாகத் தோலும் காலணியும் அனுப்பி வந்திருக்கின்றன. காஞ்சிக்குத் தெற்கே செய்யாறு சிப்காட்டில், சுற்றுக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து உலகத்தார் அணியும் விளையாட்டுக் காலணிகளைச் செய்து அனுப்புகிறார்கள். அந்தப் பெண்களின் குழந்தைகளுக்குத் தம் பாதத்துக்கு ஏற்ற அச்சில் வார்த்த மலிவான சாண்டல் கிடைக்கவேண்டும் என்று கேட்பது நியாயமே.

அது கிடைக்கும் வரையில் வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். பகலெல்லாம் நடந்த பாதம் சற்றே விரிந்திருக்கும் மாலை வேளையில், குழந்தையைக் காகிதத்தின்மேல் இரு காலிலும் பாரம் விழும்படி நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்து, குதிகால் முதல் நீண்ட விரல் வரையில் அளந்து, இரண்டில் பெரியதோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டி, அந்த நீளத்துக்கு ஓர் அட்டைத் துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். கடையில் அந்த அட்டை மடியாமலும் பெரிதாக இடம் மிஞ்சாமலும் எந்தச் செருப்புக்குள் படிகிறதோ அதுவே, எண் எதுவாயினும், உங்கள் குழந்தைக்குரியது. அகலம் சரிதானா என்பதைக் காலில் மாட்டி நடக்கவிட்டுத்தான் அறிய முடியும். பாவில் ஓர் இழை பிசகினாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும் நெசவாளருடைய கண்ணுக்கு இந்த அளவு ஒரு பிரமாதமல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி அளந்து, விரலுக்கு முன்னால் இடம் தீர்ந்துவிட்டால் மட்டும் புதியது வாங்குவதே மெய்யான சிக்கனம்.

வியாபாரிகளிடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. காலணி செய்வோர் குழந்தைகளின் ஜோடிகளிலேனும் உள்ளளவை மில்லிமீட்டரில் அச்சிடட்டும்; கடைக்காரர்கள் ஒரு மரச்சட்டத்தில் அளவுகோலைப் பொருத்தி வாசலில் வைக்கட்டும், அதற்குச் செலவு ஒரு ஜோடியின் லாபம்கூட ஆகாது. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின்கீழ் அங்கன்வாடிகளில் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் கிரமமாகப் பதிவு செய்து வருகிறோம். தரையில் வர்ணத்தால் ஓர் அளவுகோல் வரைந்து, அதே பதிவேட்டில் பாதத்தின் நீளத்தையும் எழுதி, தாய்மார்களுக்கு அதைத் துண்டுச் சீட்டில் கொடுத்தனுப்ப அதிகப்படியான ஊழியரும் வேண்டாம், கருவியும் வேண்டாம். சமூக நலத்துறை இதைக் காஞ்சிபுரம் மாவட்டத்து அங்கன்வாடிகளில் இவ்வாண்டே தொடங்கிவைக்க வேண்டும்.