கடன்பத்திரமும் கடவுளும்

புணேயின் விமான் நகரில் குடியேறிய தமிழர் பலருக்கு லோஹகாவ் என்பது வானூர்தி நிலையம் அமைந்த இடம், அவ்வளவே. அவ்வூரே மராட்டிய பக்திக் கவிஞர் துக்காராமின் தாய் பிறந்த ஊர் என்பது, பண்டரிபுரத்து விட்டலனை வழிபடும் வார்க்கரி அடியாரின் மரபு. துக்காராம் பன்முறை வந்து கீர்த்தனம் நிகழ்த்திய ஊரும் அதுவே என்பர்.

புணேயை அடுத்த தேஹுவில் மளிகை வணிகமும் கொடுக்கல் வாங்கலும் நடத்திய குடியில் பிறந்தவர் துக்காராம். 1630-ஐ ஒட்டித் தக்காணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தில் முதல் மனைவியையும் மகனையும் இழந்தார், வணிகமும் நொடித்தது. பின்னர், குடும்பத்துக்கு வரவேண்டிய கடன்களின் பத்திரங்களில் பாதியைத் தம்பிக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தம் பங்கை இந்திராயணி ஆற்றில் எறிந்தார் என்று அவர் வரலாறு கூறும். தம்பியின் உரிமையைத் தொடாது தம் பொருளை மட்டுமே துறந்த நேர்மையை நோக்குக. பிறர் பொருளில் புகழ் தேடும் வள்ளல்கள் மலிந்த நாட்டில் இது சிறு செய்தியன்று.

இத்துணை அறம் செய்தவர் விட்டலன் திருமுன் அதை வரவில் வைத்தாரல்லர். தம் குறைகளை ஒப்புதலும், உன்னையன்றிப் புகலில்லை என்று முறையிடுதலுமே அவருடைய அபங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. பிறர் கடனைத் தள்ளியவர், இறைவன் தமக்குக் கடன்பட்டிருப்பதாகக் கருதவில்லை.

தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. திருவரங்கத்தில் ஒரு பங்குனி உத்திர நாளில் சரணாகதி கத்யம் என்னும் உரைநடைத் துதியை விண்ணப்பித்த இராமாநுசர், கல்வியும் ஒழுக்கமும் நிறைந்தவராயிருந்தும், தம் பிழைகளைப் பொறுத்தருளுமாறே வேண்டினார்.

அங்ஙனமாயின் அறம் வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். சரண் என்ற சொல்லைக் கடமைக்குத் திரையாக்குவோரும் உளர். அன்னோர்க்குத் துக்காராமின் பெயர் உதவாது. அவர் பத்திரங்களை உண்மையாகவே ஆற்றில் விட்டவர். அறம் வேண்டும்; அதனைக் கணக்கில் வைப்பதே வேண்டா. நல்லவன் என்னும் தன்னெண்ணம் முற்றியவனோ பிறரை அளப்பதிலேயே காலம் கழிக்கிறான். துன்பம் வந்துற்றால், எனக்கா இது என்று இறைவனிடமே வழக்காடுகிறான். நோன்பும் கொடையும் அவ்வேளையில் அவனைத் தாங்குவதில்லை.

ஆஷாட ஏகாதசியை முன்னிட்டுத் தேஹுவினின்று பண்டரிபுரம் செல்லும் துக்காராமின் பாதுகைப் பல்லக்கு, ஆண்டுதோறும் புணேயில் தங்கிச் செல்கிறது. விமான் நகர்த் தமிழர் அடுத்த முறை அதனுடன் செல்லும் அடியாரோடு சிறிது தொலைவேனும் நடக்க வேண்டுகிறோம். தாம் செய்த கொடைகளின் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்க.