மலைக்குச் சிமெண்டு வேஷம்

மலையடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டுவது. பிறகு வெட்டிய முகத்தில் சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சியடிப்பது. “சரிவு பத்திரமாகிவிட்டது” என்று பில் எழுதுவது. இதற்குப் பெயர் அபிவிருத்தியாம்!

ஷாட்கிரீட் என்னும் இம்முறையை நாம் எதிர்க்கவில்லை. 1911-ல் அமெரிக்காவில் இதன் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் ஏக்லி, மியூசியத்தில் மிருகங்களைப் பாடம் செய்தவர். காற்றழுத்தத்தில் பாயும் கலவை பலகை அச்சில்லாமலே பாறையில் ஒட்டும். அரித்துப்போன மதகையும் தடுப்புச் சுவரையும் செப்பனிட உதவும். நல்ல சாதனந்தான்.

ஆனால் சில அங்குலப் பூச்சு மலையைத் தாங்குமா? தாங்குவது, துளையிட்டு ஆழத்தில் இறக்கிக் காரைகட்டிய இரும்புக் கம்பிகள். காப்பது, உள்ளே ஊறும் மழைநீரை வெளியேற்றும் வடிதுளைகள். நீர் பூச்சின் பின்னால் தேங்கினால் அழுத்தம் ஏறும். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். கம்பியின் ஆழம் வெளியே தெரியாது, பூச்சு தெரியும். காண்ட்ராக்டர் எதில் மிச்சம் பிடிப்பார் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இமயமலையில் 2016-ல் துவங்கிய சார்தாம் சாலைத் திட்டத்தைப் பாருங்கள். சுமார் 900 கிலோமீட்டர் வேலையை 53 துண்டுகளாக்கி, சுற்றுச்சூழல் பரிசீலனையிலிருந்து தப்பவைத்தார்கள். 5.5 மீட்டர் அகலம் போதுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் சொல்லிற்று. ராணுவத் தேவையைக் காட்டி 2021 டிசம்பரில் 10 மீட்டருக்குச் சர்க்கார் அனுமதி பெற்றது. அகலம் கூடக்கூட மலையின் பாதம் வெட்டுப்படுகிறது. அவ்வளவையும் வெட்டிவிட்டு எத்தனை மூட்டை சிமெண்டு அடித்தாலென்ன?

இத்திட்டத்தின் சில்க்யாரா சுரங்கத்தில்தான் 2023 நவம்பர் 12-ல் 41 தொழிலாளர் சிக்கினர். பெரிய யந்திரம் முறிந்தபின், கையால் குடைந்து 17-ம் நாள் அவர்களை மீட்டவர்களும் கூலித் தொழிலாளரே!

குழாயைப் பிடிப்பவனை யார் நினைக்கிறார்கள்? உலர்ந்த கலவையை அடிக்கும்போது, குழாய் முனையில்தான் தண்ணீர் சேர்கிறது. சிமெண்டும் மணற்றூசியும் அவன் முகத்தில் பறக்கின்றன. மணற்றூசி நுரையீரலைக் கல்லாக்கும். சிலிக்கோசிஸ் வந்தால் குணமாவதில்லை. ஒப்பந்தக் கூலியோ, நோய் தெரியுமுன்பே ஊர் திரும்பிவிடுகிறான்.

நாம் கோருவது இதுதான்: கம்பி எத்தனை, எவ்வளவு ஆழம், வடிதுளை எத்தனை என்பதை ஒவ்வொரு சரிவிலும் ஜனங்கள் படிக்கும் பாஷையில் பலகையில் எழுதி வையுங்கள். இரண்டு மழைக்காலம் சரிவு நின்ற பிறகே காண்ட்ராக்டரின் கடைசித் தவணையைக் கொடுங்கள். குழாய் பிடிப்பவனுக்கு முகமூடியும், வருஷந்தோறும் நுரையீரல் பரிசோதனையும் காண்ட்ராக்டர் செலவிலேயே நடக்கட்டும்.