தலையசைப்பு விடையாகுமா?

மேலும் கீழும் தலையை அசைத்தால் ஆம் என்று பொருள். பக்கவாட்டில் மெல்ல ஆட்டினாலும் நம்மிடையே பெரும்பாலும் ஆம்தான். 'நாட்' என்னும் ஆங்கிலச் சொல்லோ இசைவையும் குறிக்கும். உட்கார்ந்தபடியே தூங்கி வழிவதையும் குறிக்கும். மருத்துவர் முன் நாம் ஆட்டும் தலைக்கு இன்னொரு பொருளும் உண்டு: புரியவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதை மரியாதை என்று எண்ணிக்கொள்கிறோம். வீட்டுக்குப் போனபின், உணவுக்கு முன் உட்கொள்ள வேண்டிய மாத்திரையைப் பின்னர் உட்கொள்கிறோம்.

1961 வரை முத்துக்குளிப்பு நடந்த கடற்கரை நம்முடையது. மூழ்கியவர் தலையசைத்தால் படகிலிருப்பவருக்குத் தெரியுமா? கயிற்றை அசைத்து இழுப்பார்; உடனே மேலே தூக்குவார்கள். அந்தக் குறிப்புக்கு இரண்டு பொருள் கிடையாது.

நோயாளி விவரம் அறிந்து அளிப்பதே உண்மையான இசைவு என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவுபடுத்தியது. எனவே அறுவைச் சிகிச்சைப் படிவத்தில் கையெழுத்திடும் முன், மருத்துவர் கூறியதை உங்கள் சொற்களில் அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். பிழையிருந்தால் திருத்துவார். நினைவோடு இருக்கும் நோயாளிக்காக உடன் வந்தவர் தலையாட்டுவது போதாது. கத்தி படப்போவது அவர்மீது அன்று.